'ஒய்' அடிக்கும் முன் பட்டியலைப் படியுங்கள்: லினக்ஸில் மென்பொருள் நீக்கும் முறை

சிம்மக்கல்லில் டிடிபி கடை வைத்திருக்கும் நண்பர் ஒரு மாலை தொலைபேசியில் அழைத்தார். "பைத்தான் என்று ஏதோ கிடந்தது. நான் என்ன புரோகிராமா எழுதுகிறேன்? நீக்கிவிட்டேன். கணினியை மறுபடி போட்டால் வெறும் கறுப்புத் திரைதான் வருகிறது." கல்யாணப் பத்திரிகை ஒன்று பாதியில் நின்றிருந்தது. அவர் கணினியில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் வகை. அதன் டெஸ்க்டாப்பின் பல பகுதிகள் பைத்தான் 3 என்ற நிரல்மொழியை நம்பி நிற்பவை. அதை எடுத்தால் அவையும் கூடவே போகும். கணினி கேட்காமல் செய்யவில்லை. இவர்தான் படிக்காமல் 'ஆம்' என்பதற்கான 'ஒய்' அடித்திருக்கிறார்.

நம் ஊர் ஜிகர்தண்டா கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பால் வாங்குவதை நிறுத்தினால் ஜிகர்தண்டாவும் நின்றுவிடும். நண்பர் செய்தது இதுதான். மாறாக, ஜிகர்தண்டாவை நிறுத்தினால் பாதாம் பிசின் வேலையின்றிக் கிடக்கும். நன்னாரி கிடக்காது, சர்பத்துக்கு வேண்டுமே. லினக்ஸில் நிறுவும் மென்பொருள் மூட்டையைப் பொதி என்பார்கள்; ஒன்று இயங்க வேண்டிய மற்றொன்று சார்புப் பொதி. அவற்றின் கணக்கும் இவ்வளவுதான்.

கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டரை நீக்குவதாக வைத்துக்கொள்வோம். உபுண்டு, மின்ட், டெபியன் என்ற மூன்று லினக்ஸ் வகைகளிலும், மென்பொருளை நிறுவி நீக்கும் ஆப்ட் என்ற கருவி வழியாக நிறுவியதற்கு இந்த முறை பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன். கட்டளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

முதலில் ஒத்திகை:

ஆப்ட் -எஸ் ரிமூவ் கேடென்லைவ்

இது எதையும் தொடாது. எவையெல்லாம் போகும் என்று மட்டும் காட்டும். நிதானம் வேண்டிய இடம் இதுதான். ஒன்றை நீக்கச் சொன்னதற்கு நாற்பது பெயர்கள் வந்தாலோ, அவற்றில் 'உபுண்டு-டெஸ்க்டாப்', 'பைத்தான்3' போன்றவை தென்பட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள். பட்டியல் சரியாக இருந்தால் ('சூடோ' என்றால் நிர்வாகி அனுமதியோடு இயக்கு என்று பொருள்):

சூடோ ஆப்ட் ரிமூவ் கேடென்லைவ்

கேள்விக்குத் தானே 'ஆம்' சொல்லும் '-ஒய்' குறியை இணையத்தில் பலர் சேர்த்தே எழுதுகிறார்கள். நீக்கும்போது அதைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது பாதாம் பிசின்கள், அதாவது வேலையின்றிக் கிடக்கும் பொதிகள். கேடென்லைவுக்காக வந்த, கேடிஈ என்ற மென்பொருள் குடும்பத்தின் நூலகங்கள் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புகள்) இன்னும் வட்டில் இருக்கும். 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' அவற்றைப் பட்டியலிட்டு அனுமதி கேட்கும். ஓகுலர் போன்ற வேறொரு கேடிஈ மென்பொருள் இருந்தால் அதற்குத் தேவையான நூலகங்கள் பட்டியலில் வராது. உங்களுக்கு வேண்டிய ஒன்று வந்துவிட்டால் 'வேண்டாம்' என்பதற்கான 'என்' எழுத்தை அடித்து வெளியேறி, 'சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று அடித்து அதன் பெயரைச் சேருங்கள். நீங்களே கேட்டு நிறுவியதாக ஆப்ட் அதைக் குறித்துக்கொள்ளும்.

ரிமூவுக்குப் பதில் 'பர்ஜ்' என்றால் கணினி அளவிலான அமைப்புக் கோப்புகளும் போகும். உங்கள் ஹோம் கோப்புறையில் உள்ளவை அப்படியே இருக்கும்.

நண்பரின் கடைக்கு வருவோம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் எழுத்துத் திரை வந்தது. ஆப்ட் தான் செய்த எல்லாவற்றையும் 'வார்', அதனுள் 'லாக்', அதனுள் 'ஆப்ட்' கோப்புறையில் 'ஹிஸ்டரி.லாக்' கோப்பில் எழுதிவைக்கிறது. அவர் அடித்த கட்டளை, நேரம், போன பொதிகள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. வயர் வழி இன்டர்நெட் நல்லவேளையாக வேலை செய்தது. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்' அடித்து, விடுபட்டவற்றை அந்தக் கோப்பைப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுவி முடிக்க இரவு பத்து ஆனது. கல்யாணப் பத்திரிகை கொடுத்திருந்தவர் அதுவரை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.