கனத்த கிட்டார் ஒலியை வீட்டிலேயே பதிவு செய்வது எப்படி

மெட்டல் வாசிப்பவர்கள் வீட்டில் ஒலிப்பதிவு செய்ய உட்கார்ந்ததும், கை முதலில் போவது ஆம்பில் ஒலியின் கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழுக்குத்தான். அறையில் தனியாக வாசிக்கும்போது நிறைய கெயின் வைத்த ஒலி பிரமாதமாகவே இருக்கும். ஆனால் டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் அதே ஒலி வெறும் இரைச்சலாகிவிட, ரிஃப்பின் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடரின்) ஒவ்வோர் அடியும் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதே தெரியாமல் போகிறது. பதிவில் நாம் கனம் என்று உணர்வது பெரும்பாலும் அடியின் தெளிவையும், ஒரே ரிஃப்பைப் பிசகாமல் திரும்ப வாசிக்கும் கையையும்தான். ஆகவே கருவிகளைத் தேர்ந்தெடுப்பதும் அமைப்பதும் அந்தத் தெளிவைக் காப்பதற்காகவே இருக்க வேண்டும்.

முதல் செலவைத் தந்திகளில் செய்யுங்கள். 10-46 செட்டின் (மெல்லிய தந்தி 0.010 அங்குலம், தடித்தது 0.046 அங்குலம்) தடித்த தந்தி, சாதாரண சுருதியில் சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதையே டிராப் சி சுருதிக்கு, அதாவது தடித்த தந்தி சி சுரத்தில் ஒலிக்கும்படி, இறக்கினால் அதிர்வு 65 ஹெர்ட்ஸாகக் குறைகிறது. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், முன்பிருந்த இழுவிசையில் ஏறத்தாழ 63 விழுக்காடுதான் மிஞ்சுகிறது. இப்படித் தளர்ந்த தந்தியைப் பிக்கால் ஓங்கி அடித்தால், அடித்த கணத்தில் சுருதி மேலே ஏறிப் பிறகுதான் இறங்கும். எந்தப் பிளக்-இன் மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது. டிராப் சி வாசிப்பவர்களுக்கு 56 அளவுள்ள தடித்த தந்தி பொருத்தமாக இருக்கும். பர்மிங்காம் தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்த பிளாக் சபாத் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, மெல்லிய தந்திகளை வைத்துக்கொண்டே 1971-இல் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார் என்பது உண்மைதான். ஆனால் அவர் நாடியது விரல்களுக்கான இளக்கம். உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை அமுக்கியபடி வேகமாக அடிக்கும் பாம் மியூட் வாசிப்பவருக்கு வேண்டியதோ விறைப்பு. தந்தியின் தடிமனை மாற்றியபின் 12-ஆம் ஃபிரெட்டில் சுருதி ஒத்துவருகிறதா என்று பார்த்து, பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சேடிலைத் திருத்திக்கொள்ள வேண்டும். பாடலில் எவ்வளவு ஓங்கி அடிக்கப் போகிறீர்களோ அதே வேகத்தில் அடித்துத்தான் சுருதி கூட்ட வேண்டும். கடலோர ஊர்களில் தந்தி விரைவில் துருப்பிடிப்பதால், பதிவுக்கு முந்தைய நாள் புதிய செட் போடுவது நல்லது.

கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் எளியதாக இருந்தாலும் போதும். கிட்டாருக்கென்று தனியாக இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீடு இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். அந்த உள்ளீட்டின் மின்மறுப்பு சுமார் ஒரு மெகா ஓமாக இருக்கும். சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் பிக்கப்பின் உயர் அதிர்வெண்கள் மழுங்கிவிடும். 24 பிட்டில், மிக ஓங்கிய அடியும் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றியே நிற்கும்படி அளவை வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவை) 128 சாம்பிளாக வைத்தால், அந்த ஒரு கட்டத்தின் தாமதம் 2.7 மில்லி விநாடிதான் என்பதால் வாசிக்கும் கைக்குத் தடங்கலாகத் தெரியாது. கணினி திணறினால் மட்டும் பஃபரை உயர்த்துங்கள்.

கெயின் கூடக்கூட அறையிலுள்ள மின் இரைச்சலும் கூடும். மின்விசிறி ரெகுலேட்டர், மங்கலாக்கும் வசதியுள்ள விளக்கு, மடிக்கணினியின் சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, எது உறுமுகிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு கிட்டாரோடு மெல்லத் திரும்பினால், ஒரு குறிப்பிட்ட திசையில் உறுமல் தணிவது காதுக்குத் தெரியும். அங்கேயே உட்கார்ந்து வாசிக்கலாம். வாசிக்காத இடைவெளிகளில் இரைச்சலை மூடும் நாய்ஸ் கேட்டை இதற்கெல்லாம் பிறகே போட வேண்டும், ஏனெனில் அளவுக்கு மீறிய கேட் சுரங்களின் வாலைக் கத்தரித்துவிடும்.

எந்த விளைவும் சேர்க்காத சுத்தமான சிக்னலைத்தான் பதிய வேண்டும். ஆம்பின் ஒலியை மென்பொருள் வழியாகக் கேட்டுக்கொண்டே வாசிக்கலாம். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறந்த மூல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் பின்னால் ஒரு ஸ்பீக்கர் கேபினெட்டின் ஒலித்தன்மையைப் பதிந்துவைத்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பைச் சேர்த்தால் ஒலி முழுமை பெறும். ஒலியின் குணத்தை ஆம்பை விட இந்தக் கோப்பு அதிகமாக மாற்றும் என்பதால், ஆம்ப்களை மாற்றிப் பார்க்கும் நேரத்தை இதைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடுங்கள். ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் ஒன்றை, டிரைவ் பூஜ்யத்திலும் லெவல் உச்சத்திலும் வைத்துச் சேர்த்தால், அது அடிப்பகுதியைக் குறைத்து 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியை முன்னுக்குக் கொண்டுவரும். பாம் மியூட் உடனே இறுகும்.

இனி ஒலியை அகலமாக்கும் வேலை. என் முதல் பதிவில் ஒரே வாசிப்பை நகலெடுத்து இடப்பக்கமும் வலப்பக்கமும் வைத்தேன். ஒலி கூடியதே தவிர அகலவில்லை. இரு பக்கமும் ஒரே சிக்னல் வந்தால் காது அதை நடுவில் நிற்கும் ஒரே கிட்டாராகத்தான் கேட்கும். ரிஃப்பை மெட்ரோனோமோடு இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடத்திலும் மற்றொன்றை முழு வலத்திலும் வைக்க வேண்டும். இரண்டு வாசிப்புகளுக்கும் இடையே இயல்பாக நேரும் நுண்ணிய வேறுபாடுதான் அகலத்தைத் தருகிறது. அந்த வேறுபாடு பெரிதானால் அடி குழம்பும். நீண்ட பகுதியைத் துண்டு துண்டாகப் பதிவதில் தவறில்லை. இரண்டு தடங்களும் சேரும்போது டிஸ்டார்ஷனும் அடர்த்தியாகும் என்பதால், தனியாகக் கேட்கையில் சற்றுப் போதாது என்று தோன்றும் அளவிலேயே கெயினை நிறுத்துங்கள்.

கலவையின்போது கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிட்டுத் தொடங்கலாம். பாம் மியூட்டின்போது 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை திரளும் உப்பலை மல்டிபேண்ட் கம்ப்ரசரால் அடக்கலாம். அதன்பின் கிட்டார் மெலிந்ததாகக் கேட்டால், அதன் அடிப்பகுதியை மீண்டும் உயர்த்தாமல், பேஸின் அளவை ஒரு டெசிபல் ஒரு டெசிபலாகக் கூட்டிக்கொண்டே கேளுங்கள்.