பேரிடர் அவசர நிதி: சிறு அமைப்புகள் விண்ணப்பிப்பது எப்படி?

எங்கள் தொண்டு அமைப்பில் முழுநேர ஊழியர்கள் நான்கே பேர். போன வெள்ளத்தின்போது முதல்முறையாக அவசர நிதிக்கு விண்ணப்பித்து, கையைச் சுட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், யாரிடம் கேட்பது? ஐ.நா.வின் மத்திய அவசர நிதியான செர்ஃப் (CERF) நேரடியாக ஐ.நா. முகமைகளுக்குத்தான். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு தரும் ட்ரெஃப் (DREF) நிதி அந்தந்த நாட்டுச் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களுக்கு. நம்மைப் போன்றவர்கள் நேராகப் போக முடிவது, ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா (OCHA) நடத்தும் நாட்டளவிலான கூட்டு நிதியங்களுக்கு. அவை எல்லா நாட்டிலும் கிடையாது. இன்னொரு வழி, பேரிடருக்கு விரைந்து நிதி தரும் தொண்டு அமைப்புகளின் கூட்டணியான ஸ்டார்ட் நெட்வொர்க்கில் உள்ள ஓர் உறுப்பினர் அமைப்போடு சேர்வது. அங்கே பேரிடர் பற்றி உறுப்பினர் எச்சரிக்கை அனுப்பிய 72 மணி நேரத்துக்குள் பணம் யாருக்கு என்று முடிவாகிவிடும். வேலையை 45 நாளில் முடிக்க வேண்டும்.

அந்த 72 மணி நேரத்தில் உட்கார்ந்து காகிதம் தேட முடியாது. பதிவுச் சான்று, தணிக்கை அறிக்கை, நிர்வாகக் குழுத் தீர்மானம் எல்லாவற்றையும் இப்போதே ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கின் பெயர் பதிவுச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

சரி, நான் வழுக்கிய இடம்: தேதி. ஞாயிறு தண்ணீர் ஏறியது. திங்களன்று தார்ப்பாயும் தண்ணீர் டிரம்மும் கடனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டோம். ஒப்பந்தம் தொடங்கியதோ வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய பில்கள் அத்தனையும் திரும்பி வந்தன. ஒப்பந்தத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. நான் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடைக்காரர் நல்ல மனதோடு, "தேதியை மாற்றி வேறு பில் தரட்டுமா?" என்றார். வேண்டவே வேண்டாம், அது பொய்க்கணக்கு. ஆகவே விண்ணப்பத்தைத் தொடும் முன்பே, எந்தத் தேதியிலிருந்து செலவை ஏற்பார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். ஃபோனில் சொன்னது தணிக்கைக்கு உதவாது. முன்செலவை ஏற்க மாட்டார்கள் என்றால், முதல் சில நாள் செலவுக்குச் சொந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டு, அடுத்து வரும் செலவுகளுக்கு மட்டும் பட்ஜெட் போடுங்கள்.

கணக்குக்குச் செயலி எதுவும் வேண்டாம். முகாமில் நெட் இருக்காது. சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும். பில்லை வாங்கிய கையோடு படம் எடுங்கள். மெஷின் பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்.

பின்சேர்க்கை: பெரிய அமைப்பு வழியாகப் பணம் வந்தால் அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளத்துக்கு என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். மனிதாபிமான நிதியில் 25 சதவீதம் உள்ளூர் அமைப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று, நன்கொடையாளர்களும் உதவி அமைப்புகளும் 2016-இல் செய்த கிராண்ட் பார்கெயின் உடன்பாட்டில் வைத்த இலக்கு 2020-க்குள் எட்டப்படவில்லை. அதனால் இடையில் ஒருவர் இருப்பது சகஜம். அவருக்குக் கிடைக்கும் நிர்வாகச் செலவுத் தொகையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். நான் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை, கிடைக்கவும் இல்லை.