குத்துவிளக்குக் கடைக்கு இணையதளம் அமைக்கும் முறை

இணையதளம் செய்து தருபவரைத் தேடிப் போவதற்கு முன், ஒரு வாரம் கடையில் உட்கார்ந்து, நேரிலும் தொலைபேசியிலும் மக்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நாச்சியார்கோயிலில் எங்கள் குத்துவிளக்குக் கடையில் அப்படி எழுதியபோது திரும்பத் திரும்ப வந்தவை சில கேள்விகளே: மூன்றடி விளக்கு எத்தனை கிலோ வரும், இன்றைக்குக் கிலோ என்ன விலை, உச்சியில் அன்னம் வைத்தது இருக்கிறதா, மரை கழற்றித் தனித்தனியாகப் பெட்டியில் வைக்க முடியுமா, சென்னைக்குப் பார்சல் அனுப்புவீர்களா, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா. இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்வதே தளத்தின் முதல் வேலை. அந்த விடைகளைக் கடைக்காரர்தான் எழுதித் தர வேண்டும். செய்து தருபவரிடம் விட்டால், எந்த ஊர் எந்தக் கடைக்கும் பொருந்துகிற நான்கு வரிகளே வந்து சேரும்.

அடுத்தது டொமைன் எனப்படும், தளத்தின் முகவரிப் பெயர். நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். எங்கள் முதல் தளத்தைச் செய்து கொடுத்தவர் நல்ல எண்ணத்துடன்தான் எல்லாவற்றையும் தாமே வாங்கித் தந்தார். ஆனால் பெயரைத் தம் மின்னஞ்சலிலேயே பதிந்திருந்தார். அவர் வேறு வேலைக்குப் போய், தொலைபேசி எண்ணையும் மாற்றிய பிறகு, புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் எதுவும் எங்களுக்கு எட்டவில்லை. தளம் ஒரு நாள் நின்றுபோனது. விசிட்டிங் கார்டிலும் பையிலும் அச்சிட்டிருந்த முகவரி வீணாயிற்று. ஆகவே, பெயரைக் கடைக்காரரே தம் மின்னஞ்சலிலும் கைப்பேசி எண்ணிலும் கணக்குத் திறந்து, ஓடிபி தம் கைக்கு வரும்படி, தம் பணத்தில் வாங்க வேண்டும். பதிவுக்காலம் முடிந்தபின் சிறிது காலம் வரை கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க முடியும். அதுவும் கடந்துவிட்டால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தளத்தின் பக்கங்களையும் படங்களையும் வைத்திருக்க வாடகைக்கு எடுக்கும் இடமான ஹோஸ்டிங் கணக்கும் கடைக்காரர் பெயரிலேயே இருக்கட்டும். செய்து தருபவருக்குத் தனி அனுமதி கொடுத்தால் போதும், வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடலாம்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது அதைத் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லித் தட்டச்சு செய்யச் சொல்லிப் பாருங்கள். 'நாச்சியார்' என்பதை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒற்றை 'ஏ' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரட்டை 'ஏ' போடுவார், வேறொருவர் 'ஒய்' சேர்ப்பார். மூன்றும் மூன்று முகவரிகள். குழப்பமில்லாமல் ஒரே விதமாக எழுத வருகிற சிறிய பெயரே நல்லது. 'டாட் இன்' முகவரிகளை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என்று முடியும் முகவரியும் உண்டு.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது இலவசம். அதை இன்றே செய்துவிடலாம். ஆனால் அதுவே போதும் என்று இருந்துவிடக் கூடாது. அந்தப் பதிவோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்துவந்த சிறு இணையதளங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. வரைபடத்தில் கடை இருந்தது, தளம் இல்லை.

பித்தளை விலை ஏறி இறங்குவது. ஒவ்வொரு முறையும் விலையை மாற்ற இன்னொருவரை அழைத்துக் காத்திருக்க முடியாது. எனவே வேர்ட்பிரஸ் போன்ற, நாமே திருத்தக்கூடிய அமைப்பில் தளத்தைக் கேளுங்கள். எங்கள் தளத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் உயரமும் எடையும் மட்டுமே இருக்கும்; கிலோ விலை ஒரே இடத்தில், தேதியுடன் இருக்கும். அந்த ஓர் எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், செய்து தந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே உங்கள் கைப்பேசியில் நீங்களே ஒரு விலையை மாற்றிப் பாருங்கள்.

பித்தளையைப் படம் எடுப்பது எளிதன்று. நேர்வெயிலில் வைத்தால் விளக்கின் வழவழப்பில் எடுப்பவரின் முகமும் கைப்பேசியும் தெரியும். காலை வேளையில் திண்ணை நிழலில், பின்னால் கருஞ்சிவப்புத் துணி கட்டி, பக்கத்தில் ஓர் அடிக்கோலை நிறுத்தி எடுத்தால் விளக்கின் உச்சிப் பகுதியான பிரபையின் வேலைப்பாடும் பீடத்தின் அகலமும் தெளிவாக வரும். கைப்பேசிப் படம் நான்கைந்து எம்பி இருக்கும். அதை இருநூறு கேபி அளவுக்குக் குறைத்த பின்பே தளத்தில் ஏற்றச் சொல்லுங்கள், இல்லையேல் பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார்.

அச்சகத்தில் இருக்கும் பழைய நோட்டீஸ் ஃபைலை அப்படியே தளத்தில் ஒட்டினால் தமிழ் வராது. அந்தக் கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை; அந்த எழுத்துரு இல்லாத கருவியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும், தேடுபொறியும் அதைத் தமிழாகப் படிக்காது. எல்லாக் கருவிகளும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

தொடக்கத்திலேயே ஆன்லைன் விற்பனை வசதி வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். எடையும் பார்சல் செலவும் ஊருக்கு ஊர் மாறும் எங்களைப் போன்ற தொழிலுக்கு வாட்ஸ்அப் பொத்தான் ஒன்றே போதும் என்பது என் கருத்து. தளத்திலேயே பணம் வாங்குவதென்றால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளைப் படித்து, முகவரி, திருப்பி எடுக்கும் முறை, புகாரைக் கேட்பவர் பெயர் ஆகியவற்றை வெளிப்படையாகப் போட வேண்டும்.

கூலியைப் பேசும்போது, செய்து தரும் கட்டணம் வேறு, ஆண்டுதோறும் ஆகும் செலவு வேறு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முகவரியின் முன்னால், தளத்துடனான தொடர்பு பாதுகாப்பானது என்பதைக் காட்டும் 'எச்டிடிபிஎஸ்' வர வேண்டும். அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்கென்று பெரிய தொகை கேட்டால் காரணம் கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும், கடையை அறியாத ஒருவரிடம், வைஃபை இல்லாத இடத்தில், அவருடைய கைப்பேசியிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லி, மூன்றடி விளக்கு என்ன விலை ஆகும் என்று கேளுங்கள். அவர் தேடித் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தைத் திருத்திய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.