3 மாதம் தாண்டிய இடுப்புவலியை விளக்கிச் சொல்ல

3 மாதங்களுக்கு மேல் இடுப்புவலியோடு வருபவரிடம் "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், தம் வலியைப் பொய்யென்று நினைக்கிறார்களோ என அவர் மனம் நொந்துபோவார். வலி உண்மைதான் என்பதை முதலில் சொல்லுங்கள். காயம் ஆறிய பிறகும் பலருக்கு நரம்பு மண்டலம் மிகைக் கூருணர்வோடு இருப்பதால், குனிந்து தண்ணீர்க் குடத்தை எடுப்பது போன்ற பழகிய அசைவுக்கும் அது அபாய மணி அடிக்கிறது என்பதையும், வலி கூடும்போதெல்லாம் புதிய சேதம் ஏற்பட்டுவிட்டதாகப் பொருளில்லை என்பதையும் பொறுமையாக விளக்குங்கள். ஸ்கேனில் தெரிவதும் வலியும் எப்போதும் பொருந்துவதில்லை; வலியே இல்லாதவர்களின் எம்.ஆர்.ஐ. படத்திலும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு (டிஸ்க்) பிதுங்கியிருப்பது தெரிவதுண்டு. 15 நிமிட நடையில் வலி கூடுமானால், 10 நிமிடத்தில் நிறுத்தி, வாரந்தோறும் ஓரிரு நிமிடம் கூட்டச் சொல்லலாம். கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வலியோடு சேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.