லாஸ்ட் எபோக்: முதல் கேரக்டருக்கு எந்த மாஸ்டரி?

அல்சூரில் இருக்கும் அக்கா மகன் எஸ்.பி. ரோட்டில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைப் பேரம் பேசி வாங்கி மாட்டினான். அன்றைக்கே போன். "மாமா, லாஸ்ட் எபோக் போட்டுட்டேன், யாரை எடுக்குறது?" லாஸ்ட் எபோக் என்பது அரக்கர்களை அடித்து, பொருள் சேர்த்து, கேரக்டரை வளர்க்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். விளையாட்டை இறக்குவது, கணக்கு திறப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதில் நேரம் போக்கவில்லை.

ஐந்து கிளாஸ்கள், அதாவது கேரக்டர் வகைகள்: சென்டினல், மேஜ், பிரிமலிஸ்ட், அகோலைட், ரோக். ஒவ்வொன்றுக்கும் உள்ளே மூன்று மாஸ்டரி, அதாவது சிறப்புப் பிரிவுகள், ஆக மொத்தம் பதினைந்து. முன்பெல்லாம் மாஸ்டரியைத் தேர்ந்துவிட்டால் தேர்ந்ததுதான், மாற்ற வழியே கிடையாது. 2025 ஏப்ரலில் வந்த 1.2 பதிப்பிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கிளாஸை மாற்ற முடியாது. அதனால் யோசிக்க வேண்டியது கிளாஸைப் பற்றித்தான்.

படி 1: அகோலைட்டை எடுங்கள்

போய்ச் சேர வேண்டிய இடம் அதன் மாஸ்டரிகளில் ஒன்றான நெக்ரோமான்சர். காரணம் எளிது. புதிதாக ஆடுகிறவர் சாவது பெரும்பாலும் பலம் குறைந்ததால் இல்லை, திரையில் என்ன நடக்கிறது என்று புரியாததால். நெக்ரோமான்சருக்காக எலும்புக்கூடுகள் முன்னால் போய் அடிவாங்கும். நீங்கள் ஓரமாக நின்று பாஸ் (பெரிய எதிரி) எப்போது கையை ஓங்குகிறான், தரையில் எங்கே வட்டம் விழுகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். இந்தப் பழக்கம் பிறகு எந்தக் கிளாஸ் ஆடினாலும் உதவும்.

கிட்டப் போய்ச் சாத்தினால்தான் திருப்தி என்பவர்கள் சென்டினலில் பாலடின் எடுக்கலாம், உடம்பு தாங்கும். மேஜின் சோர்சரர் அழகுதான், ஆனால் முதல் ஆட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

படி 2: ஆரம்ப லெவல்கள்

கையில் முதலில் இருப்பது ரிப் பிளட் என்ற திறன். கொஞ்ச நேரம் அதை வைத்தே ஓட்டுங்கள். ஒரு திறனைப் பயன்படுத்துவது வேறு, அதில் ஸ்பெஷலைஸ் செய்வது வேறு. ஸ்பெஷலைஸ் செய்தால்தான் அந்தத் திறனுக்கென்று இருக்கும் தனி மரம் திறக்கும். மொத்தம் ஐந்து இடங்கள், 4, 8, 20, 35, 50ஆம் லெவல்களில் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். முதல் இடத்தை எலும்புக்கூடுகளை வரவழைக்கும் சம்மன் ஸ்கெலிட்டனுக்கே கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட்டு வேறு போடலாம். அந்தத் திறனின் லெவல் இறங்கும், ஆனால் சீக்கிரம் ஏறிவிடும். எனவே பாயிண்டைச் செலவழிக்காமல் பொத்திப் பொத்தி வைக்காதீர்கள்.

படி 3: மாஸ்டரி

கதையோடு போனால் எண்ட் ஆஃப் டைம் என்ற இடம் வரும், அங்கேதான் தேர்வு. நெக்ரோமான்சரை அழுத்துங்கள். அகோலைட்டின் மற்ற இரண்டு மாஸ்டரிகளான லிச், வார்லாக் இரண்டின் பாசிவ் மரங்களும் (அழுத்தாமலே எப்போதும் வேலை செய்யும் பலன்கள்) முழுதாக மூடிப்போகாது, கீழ்ப்பாதி உங்களுக்கும் உண்டு. ஆனாலும் முதல் தடவை அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. அப்புறம் மந்திரம் போடும் எலும்புக்கூடான ஸ்கெலிட்டல் மேஜும் படையில் சேரும்.

படி 4: பொருள் தேர்வு (இங்கேதான் எல்லாரும் மாட்டுகிறார்கள்)

அக்கா மகன் இந்த இடத்தில்தான் நின்றான். "நல்ல நல்ல சாமானா போட்டிருக்கேன் மாமா, எலும்புங்க அடிச்சா எதிரிக்கு வலிக்கவே மாட்டேங்குது." அவன் கேரக்டரைத் திறந்து பார்த்தால் கையில் ஒரு வாண்ட் (மந்திரக்கோல்), ஸ்பெல் டேமேஜ், அதாவது மந்திர அடி, நாற்பது சதவீதம் கூடுதல். கழுத்தில் இருந்ததும் அதே ரகம். பார்க்க அமர்க்களம்தான். ஆனால் அந்த நாற்பதும் மந்திரம் போடும் கேரக்டருக்குத்தான் சேரும், எலும்புக்கூட்டுக்கு அதில் ஒரு பைசா போகாது.

நீங்கள் வரவழைக்கும் படைக்கு விளையாட்டில் 'மினியன்' என்று பெயர். பொருளின் வரியில் 'மினியன்' என்று எழுதியிருந்தால் மட்டுமே அது படைக்குப் போகும். 'மினியன் டேமேஜ் 15 சதவீதம்' என்று சொல்லும் சாதாரண நீலப் பொருள், 'ஸ்பெல் டேமேஜ் 40 சதவீதம்' என்று மினுக்கும் பொருளைவிட உங்களுக்கு மேல். உயிர், தற்காப்புக்கும் இதே கதைதான். உங்கள் ரெசிஸ்டன்ஸ் (அடியைக் குறைக்கும் தடுப்பு) உங்களுக்கு, அவர்களுடையது அவர்களுக்கு.

அப்படிப்பட்ட பொருள் கிடைக்கவில்லையா? செய்துகொள்ளுங்கள். மினியன் டேமேஜ் உள்ள வேண்டாத பொருளை ரூன் ஆஃப் ஷேட்டரிங் என்ற கல்லைப் போட்டு உடைத்தால் அந்தக் குணம் துண்டாகக் கைக்கு வரும். புதுக் குணம் சேர்க்கக் காலி இடமுள்ள நல்ல பொருளில் அதை ஏற்றலாம். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் பொருளின் ஃபோர்ஜிங் பொட்டன்ஷியல் (இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்ற இருப்பு) குறையும், அது தீர்ந்தால் அவ்வளவுதான். ஒரு குணத்தை ஐந்தாம் டயர் (தரம்) வரை கையால் ஏற்றலாம். ஆறும் ஏழும் கீழே விழுந்து கிடைத்தால்தான் உண்டு.

கீழே விழும் பொருள்களில் வேண்டியதை மட்டும் காட்ட விளையாட்டிலேயே லூட் ஃபில்டர் இருக்கிறது. மினியன் வரியுள்ளவற்றைப் பளிச்சென்ற நிறத்தில் காட்டச் சொல்லிவிடுங்கள். தரையில் கிடக்கும் ஒவ்வொன்றையும் எடுத்துப் படிப்பது என்னால் ஆகாத காரியம்.

படி 5: உங்கள் உடம்பு

ரெசிஸ்டன்ஸ் ஏழு வகை, ஒவ்வொன்றுக்கும் உச்சம் 75 சதவீதம். கதை நடக்கும்போது துரத்த வேண்டாம், கதை முடிந்தபின் ஆடும் மோனோலித் பகுதிக்குள் நுழையும் முன் நிரப்பினால் போதும். தப்பிக்க, வேறு இடத்துக்குத் தாவும் டிரான்ஸ்பிளான்ட் திறனை வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், எனவே சாகப்போகும் நொடியில் அழுத்தாமல் முன்கூட்டியே அழுத்துங்கள்.

பிறகு சேர்த்தவை

எலும்புக்கூட்டுப் படை எங்கேயோ நின்று வேடிக்கை பார்க்கிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். படையை ஒரு இடத்துக்கு ஏவ தனி விசை உண்டு. செட்டிங்ஸில் தேடி, விரலுக்குப் பழகிய இடத்தில் வையுங்கள்.

பழைய கார்டில் திரை திணறுகிறதா? எலும்புகள் கூடக்கூட அப்படித்தான். நிழல், எஃபெக்ட் தரம் இரண்டையும் குறைத்து, ஃபிரேமுக்கு ஒரு வரம்பு போடுங்கள். புது கார்டு வாங்க ஓடாதீர்கள்.

கோடை வந்தால் எங்கள் தெருவில் கரண்ட் போய்ப் போய் வரும். யு.பி.எஸ். கம்ப்யூட்டரைத் தாங்கினாலும் இணையம் போய்விடும். இதற்கு ஆஃப்லைன் முறை இருக்கிறது. ஆனால் ஆஃப்லைனில் வளர்த்த கேரக்டரை ஆன்லைனுக்குக் கொண்டுபோக முடியாது. நண்பர்களோடு சேர்ந்து ஆடும் எண்ணம் இருந்தால் முதல் திரையிலேயே ஆன்லைனை எடுத்துவிடுங்கள்.