லெப்பர்ட் கெக்கோ: நிறம் கண்டதும் வால் ஆறியதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பலர், லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக் குட்டியின் நிறத்தைப் பார்த்தே நிற வகையை முடிவு செய்கிறார்கள். அது தவறு, வளர வளரப் பட்டை உடைந்து புள்ளியாகும். மஞ்சளின்றிக் கறுப்பு வெள்ளையாகப் பிறந்தால் மேக் ஸ்னோ என்ற வகையாக இருக்கலாம். பிறகு அதிலும் இளமஞ்சள் ஏறும். கறுப்பே இல்லையென்றால் அல்பினோவாக இருக்கலாம். டிரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என அதில் மூன்று வகை. கண்ணை நம்பாமல் தாய் தகப்பன் விவரம் கேளுங்கள்.

வால் நுனிக் காயத்துக்குப் பெரும்பாலும் உரியாமல் ஒட்டிய தோலே காரணம். வளையமாக இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். இழுத்தால் வாலே கழன்றுவிடலாம். காயம்பட்ட என் கெக்கோவை ஈரத்துணி வைத்த டப்பாவில் 15 நிமிடம் விட்டு, பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டித் தோலை எடுத்தேன். கூண்டிலிருந்த மண்ணை அகற்றி டிஷ்யூ விரித்து, தினமும் மாற்றினேன். போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தண்ணீரில் பால் சேர்க்காத இலேசான தேத்தண்ணி நிறத்துக்குக் கலந்து தினம் ஒருமுறை தொட்டு வைத்தேன். கட்டுப் போடவில்லை, ஈரம் தங்கி அழுகும். கூண்டின் சூடான பக்கம் 32 டிகிரி செல்சியஸ்.

தோட்டத்து வீடுகளில் எறும்புதான் பெரிய ஆபத்து, காயத்தையே கடிக்கும். தின்னாத பூச்சியை அன்றிரவே எடுத்துவிட்டு, கூண்டு இருக்கும் மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன். வாலில் கறுப்பு மேலேறினாலோ சீழ் பிடித்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.