ரேஸை விட்டு வந்த தரோபிரெட்: பெங்களூரில் முதல் மாதத் தீனி

ரேஸ் லாயத்தில் இருந்தவரை உங்கள் தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் குதிரை இனம்) ஓட்ஸ், பார்லி என்று நாளுக்கு ஐந்தாறு கிலோ தானியம் தின்று பழகியிருக்கும். வந்த அன்றே தானியத்தை நிறுத்திப் புல்லைக் கொட்டினால் வயிற்றுவலி வரலாம். பெருங்குடலில் புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு வாரமாவது பிடிக்கும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால் அவசரப்படாதீர்கள்.

1. எடை பாருங்கள்

முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிக் கயிறு பிடித்து, அந்தக் கயிற்றை டேப்பில் அளந்துகொள்ளுங்கள். தையல் டேப்பை நேராகச் சுற்ற அதன் நீளம் போதாது. எடை (கிலோ) = சுற்றளவு × சுற்றளவு × உடல் நீளம் ÷ 11,880. நீளம் என்பது தோள் முனையிலிருந்து பிட்டத்து முனைவரை; எல்லாம் செ.மீ. கணக்கு. சுற்றளவு 183, நீளம் 163 என்றால் சுமார் 460 கிலோ.

2. புல்லை எடைபோட்டுப் போடுங்கள்

எடையில் இரண்டு சதவீதம், அதாவது 9 முதல் 10 கிலோ உலர்புல் ஒரு நாளைக்கு வேண்டும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். பச்சை நேப்பியர் (யானைப்புல்) கட்டு பார்க்கப் பெரிதாக இருக்கும். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பத்துக் கிலோ பச்சைப்புல் சுமார் இரண்டு கிலோ உலர்புல்லுக்குத்தான் ஈடு.

நேப்பியரில் இன்னொரு சிக்கல் ஆக்சலேட் என்ற பொருள். அது கால்சியத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் கால்சியம் சேர்வதைத் தடுக்கும். இரண்டையும் மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். முக எலும்பு வீங்கும், நடை நொண்டும். ஆகவே நேப்பியரை மட்டும் நம்ப வேண்டாம். உலர்ந்த ரோட்ஸ் புல் பெரும்பங்காக இருக்கட்டும். கால்சியத்துக்குக் குதிரைமசால் (லூசர்ன்) உலர்த்தியது ஒன்றிரண்டு கிலோ சேருங்கள். ராகித் தாள் (தீவனக் கடையில் ‘ராகி ஹுல்லு’ என்று கேளுங்கள்) கொஞ்சம் கலக்கலாம், சத்து குறைவு. பூஞ்சை வாடை அடித்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

3. தானியத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்

மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ குறைத்து, அந்த இடத்தைப் புல்லால் நிரப்புங்கள். ஐந்து கிலோவிலிருந்து ஒன்றரைக்கு வர மூன்று வாரம். ஒரு வேளைக்கு இரண்டு கிலோ தானியத்தைத் தாண்டாதீர்கள், இரைப்பை சிறியது. கொள்ளு தர விரும்பினால் இரவு ஊறவைத்து, வேகவைத்து, ஆறியபின் கால் கிலோவில் ஆரம்பியுங்கள்.

குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்கும். ரேஸ் குதிரைகளுக்கு அல்சர் மிகச் சாதாரணம். நான்கு மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருக்கக் கூடாது. இரவு கடைசிப் புல்லைச் சிறுகண் வலையில் கட்டித் தொங்கவிட்டால் மெதுவாகத் தின்னும்.

4. தண்ணீர், உப்பு, குளம்பு

தண்ணீர் நாளுக்கு 30 முதல் 40 லிட்டர், எந்நேரமும் தொட்டியில். உப்பு இரண்டு மேசைக்கரண்டி. குளம்பைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். நம்மூர் மழைக்காலத்தில் ஈரத் தரையில் நின்றால் அடிக்குளம்பு அழுகி நாறும். லாடக்காரர் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை வரட்டும். டெட்டனஸ் ஊசி கட்டாயம்.

5. வயிற்றுவலி வந்தால்

முன்னங்காலால் தரையைக் கீறும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், உருளும், சாணம் நிற்கும். உடனே தீனியை எடுத்துவிடுங்கள். தாடைக்கு அடியில் நாடி பாருங்கள்: ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இயல்பு. அறுபதைத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். இரவில் வரக்கூடிய ஒருவரின் எண்ணை முன்கூட்டியே லாயச் சுவரில் எழுதி வையுங்கள். அவர் வரும்வரை மெல்ல நடத்தலாம். யார் சொன்னாலும் வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு நேராக இரைப்பைக்குக் கொடுப்பார்.